ஐந்தாம் நாளும் போகவில்லை

எனக்கு மலம் என்றால் ஆகாது. யாருக்குத்தான் ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். என்னுடையது கொஞ்சம் முற்றிய கேஸ். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போனால், அந்தக் கழிப்பறைக் கதவைத் திறந்தே பார்க்காமல் எட்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு போய்ச் சேருகிறவன் நான். சிட்னிக்கு வந்த பிறகும் புத்தி மாறவில்லை. நண்பர்கள் வீட்டில் யாராவது குழந்தையைப் படுக்கப்போட்டு நாப்பியைப் பிரிக்கத் தொடங்கினால், அவசரமாக போன் வந்ததுபோல் பால்கனிக்குப் போய்விடுவேன். காதில் வைத்த போனில் யாரும் இருக்க மாட்டார்கள்.

குழந்தை பெற்றவர்களின் பேச்சு அதைவிட மோசம். ஹோம்புஷ் பகுதியில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழேயே ஒரு சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு குடும்பம் சேர்ந்து உட்கார்ந்திருப்போம். வடகறி வரும். அதில் இட்லியைத் தொட்டுக்கொண்டே ஒருவன் சொல்வான், "எங்க பையன் நேத்து பச்சையா போனான்டா." உடனே இன்னொருவன், "பச்சை ஓகேடா, கெட்டியா போனானா தண்ணியா போனானா?" என்று வடகறியைக் கிளறிக்கொண்டே கேட்பான். இவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் விசா பற்றியும் வீட்டு விலை பற்றியும் பேசிக்கொண்டிருந்த மனிதர்கள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு காபியோடு நிறுத்திக்கொள்வேன்.

அதனால் என் மனைவி கர்ப்பமாக இருந்தபோதே ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். குழந்தையின் மேல் பக்கம் எனக்கு, கீழ்ப் பக்கம் அவளுக்கு. ஒரே கல்லூரியில் படித்தவர்கள் நாங்கள், எங்களுக்குள் நீ, நான்தான். "சரி, பாப்போம்" என்று சிரித்தாள். மகள் பிறந்து முதல் நாலு மாதம் தாய்ப்பால். ஆக, மேல் பக்கமும் அவளே பார்த்துக்கொண்டாள். தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விட வைப்பதுதான் என் பங்கு. அதைச் செய்துவிட்டு நல்ல அப்பா என்று பெயரும் வாங்கினேன்.

நாலு மாதம் முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நகரத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இன்ஜினியர். எத்தனையோ நேர்முகத் தேர்வுகளில் தோற்று, இந்த நாட்டில் அனுபவம் இல்லை என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் கிடைத்த வேலை அது. என் அலுவலகத்தில் எனக்கு மூன்று மாதம் லீவு கொடுத்தார்கள். காலையிலும் மாலைக்கு மேலும் அவள் பால், பகலில் டின் பால், பகல் முழுக்க நான் என்று ஏற்பாடு. ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணி ரயிலுக்கு அவள் போனாள். கதவைச் சாத்தியதும் மேல் பக்கம், கீழ்ப் பக்கம் இரண்டும் என் தலையில் விழுந்தன.

பால் கலக்குவது எனக்குப் பிடித்திருந்தது. சுத்தமான வேலை. பாட்டில்களைக் கழுவி, ஸ்டெரிலைசரில் ஆவி காட்டி, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஊற்றி, பொடியைக் கரண்டியில் எடுத்து மட்டமாக வழித்துப் போட்டுக் குலுக்குவேன். நுரை பொங்கி வரும்போது பார்க்கவே நன்றாக இருக்கும். இது எனக்குப் புதிதும் அல்ல. சென்னையில் அக்கா மகன் பிறந்திருந்தபோது அவனுக்குப் பால் கலக்கிக் கொடுத்தவன் நான்தான். முப்பது மில்லிக்கு ஒரு கரண்டி என்பது எனக்கு வாய்ப்பாடு மாதிரி. முதல் நாள் மனைவி கிளம்பும்போது, "டின்ல எழுதியிருக்கிறத ஒருதடவ பாத்துக்கோ" என்றாள். "எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன்.

கீழ்ப் பக்கம் முதல் இரண்டு நாள் வழக்கம்போல் நடந்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, ஈரத் துடைப்புத் தாளில் அரை பாக்கெட்டைக் காலி செய்து துடைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து நாப்பியில் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு சந்தோஷமாக இருந்தது. ஈர நாப்பிகூடக் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் பகலில் ஐந்து, ஆறு மாற்றினால் இப்போது இரண்டு, மூன்று. அதுவும் லேசாக இருந்தது. குழந்தை வளர்ந்து ஒழுங்குக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அழுகை மட்டும் கூடியது. பாட்டிலை முடித்த அரை மணி நேரத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டு அழுவாள். நல்ல பசி எடுக்கிறது, என் கைப் பக்குவம் என்று இன்னொரு பாட்டில் கலக்குவேன். மாலையில் அவள் அம்மா கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், உடம்பை முறுக்கிக்கொண்டு தாவுவாள். அம்மா கையைக் கழுவும்வரைகூடப் பொறுக்க மாட்டாள். மார்பில் ஒட்டிக்கொண்டால் மூச்சுவிடாமல் குடிப்பாள். பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டவன் நான், பாசம் மட்டும் அங்கே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் வந்தது.

சனிக்கிழமை மனைவி வீட்டில் இருந்தாள், நாள் முழுக்க அவளே பால் கொடுத்தாள். மாலையில் மகள் முகம் சிவக்க முக்கி, கல் கல்லாக நாலைந்து போட்டாள். ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்தது. மனைவி அதைக் கையில் எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்து, "ரொம்ப இறுகிப் போயிருக்கே" என்றாள். விரலால் அழுத்தினாள்! மறுநாள் அவள் தூங்கட்டும் என்று மறுபடி நானே பகல் முழுக்க பாட்டில் கொடுத்தேன். பெரிய தியாகி.

அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் போயின. அலுவலகத்திலிருந்து மனைவி ஒரே வார்த்தையில் செய்தி அனுப்புவாள்: "போச்சா?" நான் இரண்டு எழுத்தில் பதில் அனுப்புவேன்: "இல்ல." புதன்கிழமை அவள் பொறுக்க முடியாமல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். மூன்று தேசங்களில் இருந்த சொந்தக்காரர்கள் என் மகளின் பின்புறத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஓமத் தண்ணி கொடு, உலர் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து கொடு, கடுக்காயை இழைத்துக் கொடு. சோப்பைப் பென்சில் மாதிரி சீவி உள்ளே வை என்றார் ஒரு பெரியப்பா. அவர் அதற்கு மேலே போட்டிருந்தது அன்று காலை அவர் சாப்பிட்ட பொங்கலின் படம். அந்தப் போனை டெட்டால் போட்டுக் கழுவ வேண்டும்போல் இருந்தது எனக்கு.

அன்று மாலை மனைவிக்கும் எனக்கும் சண்டை. அவள் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "மத்தளம் மாதிரி இருக்கு, நீ என்னதான் பண்ற பகல்ல?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. "நான் என்ன பண்ண? நீ இருந்தப்ப ஒழுங்காப் போயிட்டிருந்தா. சனிக்கிழம உன் பால் குடிச்சா, போனா. டின் பால் ஒத்துக்கல. நீ வேலைக்குப் போனதாலதான் இது" என்று சொன்னேன். அவள் மகளின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். பிறகு, "அப்ப நான் வேலைய விட்டுடறேன்" என்றாள். கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் கோபத்தில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஐந்தாம் நாள். காலையிலிருந்து மகள் கத்திக் கத்தித் தொண்டை கம்மிப் போயிருந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பை போட லிஃப்டில் இறங்கியபோது கீழ்த்தளத்து அன்ரி பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, யாரையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

"என்ன தம்பி, பிள்ளை விடிஞ்சதில இருந்து குளறுது?"

"அஞ்சு நாளா போகல அன்ரி."

"ஐயோ! இதுக்கே இந்தப் பாடு? வெத்திலைக் காம்பை எண்ணெயில தோய்ச்சு மெல்ல வையுங்கோ, உடன போகும். எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை. நில்லுங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்."

ஓடிப்போய் ஈரத் துணியில் சுற்றிய வெற்றிலை இரண்டும், சின்னக் குப்பியில் விளக்கெண்ணெயும் கொண்டுவந்து கையில் வைத்தார். சாமிக்கு வாங்கிய வெற்றிலையாம். விருந்தில் தாம்பூலமாக வருவது, தட்டில் வைத்துக் கல்யாணம் பேசுவது, இதைக் கொண்டுபோய் எங்கே வைக்கச் சொல்கிறார் என்று நினைத்தபோதே எனக்கு ஓங்கரித்தது. "தேங்க்ஸ் அன்ரி" என்று மேலே வந்தேன்.

ஆனாலும் செய்யப் பார்த்தேன். அழுகையைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பது? பாயில் படுக்கவைத்து, காம்பைக் கிள்ளி எண்ணெயில் நனைத்து, ஒரு கையால் இரண்டு கால்களையும் தூக்கினேன். அந்த இடத்தை முகம் திருப்பாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சுற்றிலும் சிவந்திருந்தது. ஓர் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதில் பொட்டு ரத்தம். சனிக்கிழமை அந்தக் கல்லை முக்கியபோது கிழிந்திருக்க வேண்டும். ஐந்து நாளாக இதைத்தான் நான் அரைக்கண்ணால் துடைத்துக்கொண்டிருந்தேன். காம்பைக் குப்பையில் போட்டுவிட்டு, பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தைத் தேடி, அதிலிருந்த நர்ஸ் உதவி எண்ணைக் கூப்பிட்டேன்.

பேசியவர் வயதான பெண்மணி. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். உள்ளே எதையும் வைக்க வேண்டாம், காம்பும் வேண்டாம், சோப்பும் வேண்டாம் என்றார் முதலில். ரத்தம் எவ்வளவு, வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை ஈர நாப்பி?" என்றார்.

"நாலு இருக்கும். முன்பு எட்டு, ஒன்பது."

அந்தப் பக்கம் எழுதும் சத்தம் கேட்டது. "பால் எப்படிக் கலக்குகிறீர்கள்?"

எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஸ்டெரிலைசரில் தொடங்கினேன். கொதித்து ஆறிய தண்ணீர், மட்டமாக வழித்த கரண்டி, நூற்றிருபது மில்லிக்கு நாலு கரண்டி என்று ஒப்பித்தேன்.

"டின்னைக் கையில் எடுத்து, பின்னால் இருப்பதை எனக்குப் படித்துக் காட்ட முடியுமா?"

படித்தேன். ஐம்பது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. இன்னொரு தடவை படித்தேன். பெரிய எழுத்தில், படத்தோடு போட்டிருந்தது. இந்த டின்னுக்குள் இருந்த கரண்டி, அக்கா மகனுக்கு நான் பிடித்த கரண்டியைவிடப் பெரியது என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பத்து நாளாக ஒரு நாளைக்கு நாலு, ஐந்து தடவை அதைக் கையில் பிடித்திருக்கிறேன்.

"ஹலோ, இருக்கிறீர்களா?" என்றார் நர்ஸ். பால் மிகக் கெட்டியாகப் போயிருக்கிறது, குழந்தைக்குத் தண்ணீர் போதவில்லை, குடல் இருக்கிற தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதால் மலம் இறுகிவிட்டது என்றார். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், காத்திருக்க வேண்டாம் என்றார். நான் சரி சரி என்று சொன்னேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

டாக்டர் மகளின் உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார், எடை பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், விரல் நுனியில் ரத்தம் எடுத்து அனுப்பினார். காலையும் மாலையும் தாய்ப்பால் குடித்திருக்கிறாள், அதனால் தப்பித்தாள் என்றார். வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள் பழைய அளவிலேயே கலக்கிவிடுவது அவர் பார்க்காதது அல்லவாம். சரியான அளவில் பால் கொடுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்க வையுங்கள், வயிற்றைத் தடவிவிட்டு சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை மடக்கி நீட்டுங்கள், தானாகப் போகும் என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை மனைவியிடம், "டாக்டர்கிட்ட காட்டினேன், பயப்பட ஒண்ணும் இல்லன்னாரு" என்று சொன்னேன். டின்னைப் பற்றிச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மனிதன் கேவலமான காரியத்தை எல்லாம் நாளைக்குத்தான் வைத்துக்கொள்கிறான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மகளைக் குளிப்பாட்டினேன். துண்டில் கிடத்தி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொப்புளைச் சுற்றித் தடவினேன். கால்களை மடக்கினேன், நீட்டினேன். பத்து நிமிஷம் கழித்து முகம் கறுத்துச் சிவந்தது. புளியங்கொட்டை போல ஒன்று எட்டிப் பார்த்து, நின்று, வந்து விழுந்தது. அதற்குப் பின்னால் தேங்கிக் கிடந்த அத்தனையும் வந்தது. என் மணிக்கட்டில், சட்டைக் கையில், துண்டைத் தாண்டி மெத்தையில், சுவரில்கூட ஒரு சொட்டு. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், அழுகிய முட்டையோடு புளித்த மாவைக் கலந்த மாதிரி. பாசம் வந்தால் அருவருப்பு போய்விடும் என்கிறார்கள். சுத்தப் பொய். ஒரு கையால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எட்டி வாளியில் வாந்தி எடுத்தேன். ஆனால் கையை எடுக்கவில்லை, அவ்வளவுதான். அவள் அழுகையை நிறுத்திவிட்டு விட்டத்தைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

மனைவியைக் கூப்பிட்டேன். "போயிட்டா" என்றதும் அவள் அலுவலகத்தில் இருப்பதையும் மறந்து கத்தினாள். பிறகு அழுதாள்.

"எப்படிப் போச்சு? அந்த அன்ரி குடுத்த காம்பு வெச்சியா?"

வெற்றிலை இன்னும் சமையலறை மேடையில் கிடந்ததை அவள் காலையில் பார்த்து, யார் கொடுத்தது, எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். "ஆமா" என்றேன். என்னைக் கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது. அந்த வைத்தியத்தைப் பார்த்துத்தான் எனக்கு முந்தின நாள் ஓங்கரிப்பு வந்தது. இன்று அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

ஆறு மணிக்கு வந்தாள். வழியிலேயே இனிப்பு வாங்கி, கீழே அன்ரியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மகளைத் தூக்கிக் கொஞ்சி, பால் கொடுத்து, மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள், "மேனேஜர்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழம லெட்டர் குடுத்துடறேன்."

"எதுக்கு? அதான் போயிட்டாளே."

"காம்பு வெச்சுப் போனா. நாளைக்கும் காம்பு வெப்பியா? நீ சொன்னது சரிதான். பகல்லயும் என் பால் கிடைச்சா இவளுக்கு இந்தக் கஷ்டமே வராது. வேலை அப்புறம் பாத்துக்கலாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த வேலை கிடைத்தபோது சம்பளத்தைக்கூடக் கேட்காமல் சேர்ந்து, முதல் நாளே மேஜையும் பெயர்ப்பலகையும் கொடுத்திருக்கிறார்கள் என்று படம் பிடித்து அனுப்பியவள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். லெட்டர் கொடுத்திருப்பாள், குழந்தைக்காக வேலையை விட்ட தாய் என்று எல்லோரும் மெச்சியிருப்பார்கள், என் குட்டும் வெளிப்பட்டிருக்காது. அப்படி ஒரு கணக்கு என் தலைக்குள் ஓடியது. நாப்பிகளைப் பார்த்து என் வாழ்நாளில் வந்த அருவருப்பையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும், அந்த நிமிஷம் என்மேல் எனக்கு வந்ததற்கு ஈடாகாது. எழுந்து போய் டின்னை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். "காம்பு வைக்கல. பின்னால படி" என்றேன். நாலு கரண்டி போட்டதைச் சொன்னேன்.

படித்தாள். அவளுக்கும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"எத்தன நாளா?"

"நேத்து வரைக்கும். பத்து நாள்."

"பால் குடிச்ச உடனே அழுவான்னு சொன்னியே, உதட்ட சப்பிக்கிட்டே. அப்ப என்ன பண்ணின?"

"பசின்னு நெனச்சேன்."

"என்ன பண்ணின?"

"இன்னொரு பாட்டில் குடுத்தேன்."

அவள் மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். "தண்ணி கேட்டிருக்கா" என்றாள். "பத்து நாளா உன்கிட்ட தண்ணி கேட்டிருக்கா." டின்னை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.